அக்காவுக்கு நான் போட்ட மதிப்பெண்

1

ஜெர்மனிக்கு வந்து இந்தச் சித்திரையோடு பதினெட்டு வருடம் முடிகிறது. வருடா வருடம் நான் வந்து இறங்கிய நாளில் என் மனைவி மலர் கேசரி கிண்டுவாள். முந்திரி போடும்போது, "இது ஒங்க ஊரு முந்திரி இல்ல, கடையில வாங்கினது" என்று தவறாமல் சொல்வாள். நானும் தவறாமல் சிரிப்பேன். எங்கள் கொண்டாட்டம் அவ்வளவுதான்.

இந்த வருடம் அது சனிக்கிழமையில் வந்தது. வெளியே இன்னும் குளிர் விட்டபாடில்லை. பதினாறு வயது மகள் யாழினி எனக்கு எதிரே உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அவளுடைய போன் என் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. டிங் என்றது. எட்டிப் பார்க்கும் எண்ணமில்லை, கண்ணில் பட்டுவிட்டது. அனுப்பியவர் பெயர் வள்ளி அத்தை. செய்தி ஒரே ஓர் எழுத்து.

உ.

கேசரிக் கரண்டியைக் கீழே வைத்தேன். யாழினி போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அத்தை ஒனக்கு எழுதுறாங்களா?" என்றேன்.

"எப்பவுமே எழுதுவாங்களே." மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். பிறகு அவளே கேட்டாள். "ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன்பா. எதுக்கு முதல்ல தனியா ஒரு உ அனுப்புறாங்க? டைப் பண்றப்ப கை பட்டுருதா?"

அது பிள்ளையார் சுழி என்று சொன்னேன். எதை எழுதத் தொடங்கினாலும் தலையில் அதைப் போட்டுவிட்டு எழுதுவது நம் வழக்கம், எடுத்த காரியம் தடங்கல் இல்லாமல் முடியட்டும் என்பதற்காக. தடங்கல் என்றால் என்ன என்று கேட்டாள். அதை ஜெர்மன் மொழியில் சொல்ல வேண்டியிருந்தது. அவள் தலையாட்டிவிட்டு ரொட்டியோடு தன் அறைக்குப் போய்விட்டாள். அத்தைக்குப் பதில் எழுதப் போகிறாள் என்று நினைத்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. பொறாமைதான். வேறு பெயர் வைக்க விருப்பமில்லை.

என் அக்கா எனக்கு ஒரு வரி எழுதி இரண்டு வருடம் ஆகிறது. அதற்குக் காரணம் நான்.

2

என் குணத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். டிப்ளமோ படித்த காலத்தில் புதுக்கோட்டை டவுனில் ஓர் அச்சகத்தில் மாலை நேரம் புரூஃப் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழாப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி. எங்கள் பக்கத்தில் பத்திரிகை அடிப்பது விளையாட்டுக் காரியம் இல்லை. பங்காளிகள் பெயர், தாய்மாமன்கள் பெயர், யாருக்குக் கீழே யார், யாருக்கு என்ன இனிஷியல் என்று பெரியவர்கள் இரண்டு நாள் உட்கார்ந்து பேசி எழுதிக் கொடுப்பார்கள். அதில் ஒரு புள்ளி இடம் மாறினாலும் அடிபடுவது அச்சகம்.

ஒரு முறை அன்னவாசல் பக்கத்து மாமன் ஒருவருக்கு இனிஷியல் மாறிப்போனது. புரூஃப் பார்த்தது நான்தான். முகூர்த்த நாளன்று காலையில் மனிதர் மண்டபத்துக்குப் போகவில்லை. பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக எங்கள் அச்சகத்துக்கு வந்து நின்றார்.

"எங்கப்பன் பேர மாத்துறதுக்கு ஒங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தது?"

முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டார். "அண்ணே, ஒக்காருங்க. ஒரு டீ சாப்பிடுங்க. சின்னப் பய, தெரியாம விட்டுட்டான்."

அவரைச் சமாதானம் செய்து மண்டபத்துக்கு அனுப்புவதற்குள் முகூர்த்தம் தள்ளிப்போய், அடுத்த நல்ல நேரத்தில்தான் தாலி ஏறியது. அன்றைக்குப் பிடித்த பயம் எனக்கு. நாளாக ஆக அந்தப் பயமே கர்வமாகிவிட்டது. எங்கே எழுத்தைப் பார்த்தாலும் முதலில் தப்புதான் தெரியும். ஓட்டல் போர்டில், பஸ்ஸின் பின்பக்கத்தில், யாராவது இறந்த செய்தியில்கூட.

இந்த ஊருக்கு வந்த பிறகு என் சிவப்புப் பேனாவுக்கு வேலை இல்லாமல் போனது. குடும்ப குரூப் ஆரம்பித்ததும் மறுபடி வேலை கிடைத்தது. முப்பது பேருக்கு மேல் இருக்கிற குரூப். யார் எதைப் போட்டாலும் கீழே திருத்தத்தோடு நான் ஆஜர். வாத்தியார் என்று கேலி செய்தார்கள். அது பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். "தப்பாக எழுதி அனுப்புவது, வீட்டுக்கு வந்தவருக்குக் கழுவாத டம்ளரில் தண்ணீர் கொடுப்பது மாதிரி" என்று ஒரு நாள் எழுதினேன். நிறைய பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். நான் அன்றைக்கு முழுவதும் குஷியாக இருந்தேன்.

3

அக்கா பெயர் வள்ளிக்கண்ணு. ஆலங்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் எங்கள் ஊர். என்னைவிட அவள் பத்து வயது மூத்தவள். நான் பிறந்த வருடம் அவள் ஐந்தாவது படித்தாள். அம்மா கடலைக்காட்டுக்குப் போக வேண்டும், கைப்பிள்ளையை வைத்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும். அவளுடைய பள்ளிக்கூடம் அதோடு நின்றது. எங்கள் வீட்டில் இதை யாரும் பெரிதாகச் சொன்னதில்லை. அவளும் சொன்னதில்லை. நானும் நாற்பது வயதுவரை நினைத்ததில்லை.

அவள் மகன் துபாயில் இருக்கிறான். அவன்தான் போன் வாங்கிக் கொடுத்து, தமிழ் எழுத்துகளைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். அதற்கு முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கூப்பிடுவதோடு சரி. பேச்சில் அக்கா சிக்கனமான ஆள். எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓடிய காலத்தின் அவசரம் அவளை விட்டுப் போகவே இல்லை. "சாப்பிட்டியா, புள்ள நல்லா இருக்கா, இங்கிட்டு மழ இல்ல, வச்சுரவா" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவாள்.

ஆனால் எழுத ஆரம்பித்ததும் வேறு ஆளாகிவிட்டாள். ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அழுத்துவாள் என்று மச்சான் சொன்னார். நாலு வரிக்கு அரை மணி நேரம். பஸ்ஸில் மறந்த குடையைக் கண்டக்டர் மறுநாள் நிறுத்தத்தில் கொண்டுவந்து கொடுத்தது, பக்கத்து வீட்டுக் கன்று தன் சேலை முந்தானையைத் தின்றது, எல்லாம் வரும். ஒரு நாள் இப்படி வந்தது: "இன்னக்கி அம்மா சேலய எடுத்து தலகாணி உற தச்சேன் மனசு கேக்கல மறுபடி பிரிச்சு சேலயாவே மடிச்சு வச்சுட்டேன்." இதை அவள் போனில் என்னிடம் சொல்லியிருக்கவே மாட்டாள். நாற்பது வருடமாக என்னுடன் பேசாத ஒருத்தி அந்தப் போனுக்குள் இருந்து பேசினாள்.

ஒவ்வொரு முறையும் முதலில் தனியாக ஒரு உ வரும். தாளில் சுழி போட்டால் அடுத்த வரிக்கு இறங்க வேண்டும். போனில் எப்படி இறங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அனுப்புகிற பொத்தானை அமுக்கினால் கீழே புது வரி வந்தது. அதுதான் வழி என்று வைத்துக்கொண்டாள். உ வந்தால் அரை மணியில் அக்கா வருவாள் என்று அர்த்தம்.

"அக்கா, அந்த உ வேணாம். போன் ரெண்டு தடவ அடிக்குது, நான் ஷிப்டுல இருப்பேன்" என்று ஒரு நாள் சொன்னேன்.

"சரி தம்பி" என்றாள். மறுநாள் உ வந்தது.

எங்கள் வீட்டில் பலாமரத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. காய் பிடித்ததும் வீட்டில் உள்ளவர்களுக்குப் பேருக்கு ஒன்றாக விடுவார்கள். இது அம்மாவுக்கு, இது அக்காவுக்கு என்று. பேருக்கு விட்ட காயை அந்த ஆள் "வெட்டிக்கங்க" என்று சொல்லாமல் வெட்டுவதில்லை. வெளியூரில் இருந்தால் ஆள் விட்டுக் கேட்பார்கள். கஜா புயலில் அந்த மரம் சாய்ந்துவிட்டது. அறுத்தது போக மிச்சம் இருந்த தூரில் துளிர் வந்ததை அக்கா வருடா வருடம் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, இதே சித்திரையில், குடும்ப குரூப்பில் உ வந்தது. பின்னால் இது வந்தது.

"தம்பி நல்லா இருக்கியா புள்ள நல்லா இருக்கா. கஜால சாஞ்ச பலா தூருலேந்து வந்துச்சுல்ல அது இந்த வருசம் காச்சுருக்கு மூனு காயி. ஒன்னு ஒங்க மச்சானுக்கு ஒன்னு எம் மகனுக்கு ஒன்னு ஒம் பேருக்கு விட்டுருக்கேன். அங்கிட்டு போறப்பல்லாம் ஒன்னோடத தடவி பாத்துட்டு வாரேன்."

அப்போது தொழிற்சாலையில் காபி நேரம். பத்து நிமிட இடைவேளை. அந்தப் பத்து நிமிடத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? அக்கா எழுதியதை அப்படியே எடுத்து, வரி வரியாகத் திருத்தி, எங்கே எதை எழுத வேண்டும் என்று அடைப்புக்குறி போட்டுக் காட்டி, கடைசியில் "பத்துக்கு நாலு மதிப்பெண்" என்று எழுதி, ஒரு சிரிப்பு முகத்தையும் வைத்து, முப்பது பேருக்கு முன்னால் போட்டேன். அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒரு மாமா பையன், "அக்கா பெயிலா, பாசா" என்று கேட்டான்.

அக்கா கும்பிடுகிற இரண்டு கைகளை மட்டும் போட்டாள். அவளும் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள் என்று நினைத்தேன். போன் காபி மேசையில் கிடக்க, ஷிப்டுக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து வந்ததெல்லாம் காலை வணக்கம் போட்ட ரோஜாப்பூப் படங்கள். சில சமயம் கட்டைவிரல். எழுத்து என்று எதுவும் இல்லை. எனக்கு அது உறைக்கவே மூன்று மாதம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை போனில், "ஏன்க்கா எழுதுறதே இல்ல?" என்று கேட்டேன். "கண்ணு மங்குது தம்பி. வச்சுரவா?" என்றாள்.

அந்தச் செய்தியில் இருந்த பலாக்காயை நான் பார்க்கவே இல்லை. எழுத்தை மட்டும்தான் பார்த்தேன். வெட்டிக்கங்க என்றும் சொல்லவில்லை, வைத்திருங்கள் என்றும் சொல்லவில்லை.

4

இப்படிப்பட்ட வாத்தியார் இங்கே எழுதும் ஜெர்மன் எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். கேவலமாக இருக்கும். இந்த மொழியில் மேசை ஆண், விளக்கு பெண், குழந்தை இரண்டுமில்லை. பதினெட்டு வருடமாக நான் விளக்கை ஆணாக்கியும் மேசையைப் பெண்ணாக்கியும் காலம் தள்ளிக்கொண்டிருக்கிறேன். நான் வேலை செய்வது ரொட்டி அடுப்புகள் செய்கிற தொழிற்சாலையில், பராமரிப்புப் பிரிவில். எங்கள் ஷிப்டுக்கும் ஒரு குரூப் இருக்கிறது. எந்த மெஷின் நின்றது, என்ன பாகம் வேண்டும் என்று நான் அதில் எழுதுவேன். ஷிப்டு தலைவர் ஒரு கட்டைவிரல் போடுவார். பாகம் வந்துவிடும். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அந்த மனிதர் என் வாக்கியத்தைத் திருத்தியதில்லை. ஒரே ஒரு முறை, நான் எழுதியது புரியாமல், எழுந்து என் மெஷினுக்கே நடந்து வந்து, "எது, காட்டு" என்றார்.

எழுத்துச் சுத்தம் எங்கேயும் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதை எனக்கு இந்த ஊர் அலுவலகங்கள் நன்றாகவே கற்றுக்கொடுத்திருக்கின்றன. குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் என் பாஸ்போர்ட்டையும் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்பா பெயரில் ஓர் எழுத்து ஒன்றில் இருந்தது, இன்னொன்றில் இல்லை. இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்றார். பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நிரப்பியது யார்? புதுக்கோட்டை அச்சகத்தில் புரூஃப் பார்த்த நான்தான். சொந்த அப்பன் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கியிருந்தேன். அன்னவாசல் மாமன் நினைவுக்கு வந்தார்.

அத்தாட்சி வாங்க ஊரில் யார் அலைந்தது? அக்காதான். மூன்று முறை ஆலங்குடி தாலுகா ஆபீசுக்குப் பஸ் ஏறினாள். முதல் முறை என் போட்டோவை வீட்டில் மறந்துவிட்டாள். இரண்டாம் முறை சாட்சிக்கு ஆள் கூட்டிப் போகவில்லை. மூன்றாம் முறை மச்சானையும் பக்கத்து வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போய் வாங்கி வந்தாள். அது கடலை பிடுங்குகிற சமயம்.

"ஒனக்கு வேல கெட்டுப் போச்சேக்கா" என்றேன் போனில்.

"ஒரு எழுத்துதான தம்பி. விட்டுப்போறதுதான். அதுக்கென்ன இப்ப" என்றாள்.

என் தப்புக்கு அவள் போட்ட மதிப்பெண் அது. இதை யோசிக்கும்போதெல்லாம் எழுந்து நடக்க வேண்டும்போல இருக்கிறது.

5

கேசரி கிண்டிய அந்தச் சனிக்கிழமை மத்தியானம் யாழினியின் அறைக் கதவைத் தட்டினேன். கட்டிலில் படுத்துப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை எழுதினத அப்பாவுக்குக் காட்டேன்."

"வேணாம்பா."

"ஏன்?"

"அது எனக்கு எழுதினது." போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நீங்க திருத்துவீங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிற குரல். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அவள் பதினொரு வயதுவரை போனாள். வீட்டுப்பாட நோட்டை ஆசிரியர் திருத்துவதற்கு முன்பு நான் திருத்துவேன். ஒரு பக்கத்துக்கு இருபது இடத்தில் சிவப்பு. ஒரு சனிக்கிழமை வயிற்றுவலி என்றாள், அடுத்த சனிக்கிழமை தலைவலி என்றாள், பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டாள். இங்கே பிறந்த பிள்ளைகள் இப்படித்தான் என்று நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எப்பலேந்து எழுதுறாங்க?" என்று கேட்டேன்.

"நீங்க மார்க் போட்ட அன்னைலேந்து."

அவளும் அந்தக் குரூப்பில் இருக்கிறாள் என்பதையே நான் மறந்திருந்தேன். அன்றைக்குப் பள்ளியிலிருந்து திரும்பும்போது ரயிலில் அதைப் பார்த்திருக்கிறாள். உடனே அத்தைக்குத் தனியாக ஒரு வரி எழுதியிருக்கிறாள். அதை மட்டும் காட்டினாள். அவளுக்குத் தெரிந்த தமிழில், பாதி எழுத்து இடம் மாறி, இருந்தது. விஷயம் இதுதான்: அழாதீங்க அத்தை, எனக்கும் அப்பா நாலு மார்க்தான் போடுவாங்க.

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"அத்தைக்கு வலது கண்ணு ஆபரேஷன் முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு. ஒங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

தெரியாது. கண் மங்குகிறது என்று சொன்னதை நான் சாக்கு என்றே நினைத்திருந்தேன். நான் லீவு போட்டு ஓடி வந்துவிடுவேன் என்று, என்னிடம் சொல்ல வேண்டாம் என்றாளாம் அக்கா. யாழினி என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனில் எதையோ தேடினாள்.

"ஒண்ணே ஒண்ணு படிக்கிறேன். நீங்க பாக்கக் கூடாது. கேட்டுக்கங்க."

எழுத்துக் கூட்டி, ஜெர்மன் இழுவையில், ஆனால் அக்காவின் சொற்களை விடாமல் படித்தாள். "ஆத்தா யாழு, ஒங்கப்பாவுக்கு எழுதணும்னு தெனம் நெனப்பேன். போன எடுத்தா கை ஓட மாட்டேங்குது. அவன் படிச்சவன். நான் என்னத்தையாச்சும் தப்பா எழுதி நாலு பேருக்கு முன்னாடி அவனுக்குக் கொறச்சலாப் போயிரக் கூடாது."

தனக்குக் குறைச்சல் என்று அவள் நினைக்கவில்லை. எனக்குக் குறைச்சல் என்று நினைத்திருக்கிறாள். நான் மகளின் முன்னால் அழுதேன். அவள் தன் ரொட்டித் தட்டிலிருந்த கை துடைக்கும் காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

இணையத்தில் எழுதும்போது பிழை பார்க்க வேண்டுமா என்று ஊரிலிருந்து யாராவது என்னைக் கேட்டால் இன்றைக்கும் பார்க்க வேண்டும் என்றுதான் சொல்வேன். பத்திரிகைக்குப் பார்க்க வேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டாயம் பார்க்க வேண்டும். உலகத்துக்கு அறிவுரை சொல்லக் கிளம்புகிறவர்கள் முதலில் தங்களுடையதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் வந்த செய்திக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். நான் பதிலே சொல்லவில்லை. எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான்.

6

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவுக்கு எழுத உட்கார்ந்தேன். மன்னித்துக்கொள் என்று தொடங்கினேன், அழித்தேன். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. சொன்னால் அக்கா பயந்துபோய், எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று மச்சானை விட்டுக் கூப்பிடுவாள். அவளுடைய உடம்பைப் பற்றிக் கேட்கலாம் என்று பார்த்தேன். கேட்டால் யாழினி சொல்லிவிட்டாள் என்று தெரிந்துவிடும், பிள்ளைக்கும் அவளுக்கும் நடுவில் நான் புகுந்ததாகிவிடும்.

கடைசியில் அவள் செய்வதுபோலவே செய்தேன். உ என்று ஓர் எழுத்தை அழுத்தி, தனியாக அனுப்பினேன். அதன்கீழே, இரண்டு வருடத்துக்கு முன்பு எழுதியிருக்க வேண்டிய பதிலை எழுதினேன். "அக்கா, பலா மூணு காய் காச்சிருக்குன்னு எழுதியிருந்தியே. என் பேருக்கு விட்டது என்னாச்சு?"

அவள் பார்த்துவிட்டாள் என்பதற்கு இரண்டு நீலக் கோடுகள் வந்தன. பதில் வரவில்லை. திங்கட்கிழமை ரோஜாப்பூ வந்தது. செவ்வாய்க்கிழமை சூரியகாந்தி. நான் ஒவ்வொரு இடைவேளைக்கும் ஓடிப்போய்ப் போனைப் பார்த்தேன். ஊரில் மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும், மாட்டுக்குத் தண்ணீர் வைத்திருப்பாள், இப்போது ஓய்ந்து உட்கார்ந்திருப்பாள் என்று கணக்குப் போட்டேன். இந்தப் பதினெட்டு வருடத்தில் நான் ஊரை நினைத்து ஏங்கியதெல்லாம் கொஞ்சமில்லை. ஆனால் ஓர் எழுத்துக்காக இப்படிக் காத்துக்கிடந்ததில்லை.

வியாழக்கிழமை காபி நேரத்தில் போன் ஒரு முறை அதிர்ந்தது.

உ.

பக்கத்தில் இருந்தவர்கள் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் காபியை வைத்துவிட்டு வெளியே போய் சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையில் நின்றேன். அவள் எழுதுகிறாள் என்று திரை காட்டியது. நின்றது. மறுபடி எழுதினாள். இடைவேளை முடிந்து மணி அடித்தது. ஷிப்டு தலைவர் கதவைத் திறந்து பார்த்தார். போனைக் காட்டி, என் ஓட்டை ஜெர்மனில் "அக்கா" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒற்றை விரல் ஒவ்வோர் எழுத்தாகத் தேடுவதை இங்கிருந்தே பார்க்க முடிந்தது எனக்கு.

இருபது நிமிடத்துக்குப் பிறகு வந்தது.

"தம்பி அது நீ வெட்ட சொல்லலன்னு அப்டியே விட்டுருந்தேன் பழுத்து விழுந்துருச்சு அணிலு தின்னுச்சு. போன வருசம் விட்டதும் விழுந்துருச்சு. இந்த வருசமும் ஒன்னு ஒம் பேருக்கு விட்டுருக்கு. நீ கேக்கல அதான் சொல்லல. வைகாசி கடசில பழுத்துரும் போல வெட்டவா"

வருடா வருடம் விட்டிருக்கிறாள். வருடா வருடம் என் சொல்லுக்காக அது மரத்தில் தொங்கி, பழுத்து, விழுந்திருக்கிறது. எனக்கு லீவு எப்போதும் ஆகஸ்டில்தான். மரம் சாய்வதற்கு முன்பும் பலாப் பருவத்தில் நான் ஊருக்குப் போனதில்லை.

அங்கேயே நின்றபடி ஷிப்டு தலைவருக்கு மூன்று வரி எழுதினேன். ஜூனில் லீவு வேண்டும், ஊருக்குப் போக வேண்டும், பழம் பழுக்கிறது. அதில் எத்தனை ஆண் பெண் மாறிப்போயிருந்ததோ தெரியாது. கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் போனை எடுத்துப் படிப்பது தெரிந்தது. கொஞ்ச நேரம் யோசித்தார். கட்டைவிரல் வந்தது.

பிறகு அக்காவுக்கு எழுதினேன். முதலில் உ. அடுத்து, "வெட்டாதக்கா, வாரேன்."

திரும்ப ஒரு தடவை படித்துப் பார்க்காமலேயே அனுப்பினேன்.